300-ஐ நோக்கி: கையில் காசில்லாதவர்களுக்கான சிபில் கையேடு

சிபில் ஸ்கோர் 900 வரை ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 300 வரை இறங்கும் என்பதை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. ஏறுவதற்கு என்ன திறமை வேண்டும்? மாதம் பிறந்தால் சம்பளம், சம்பளம் விழுந்த கையோடு தானாகப் போகும் இஎம்ஐ, அவசரத்துக்கு வங்கியில் கொஞ்சம் பணம். இவை இருந்தால் தூங்கிக்கொண்டே ஏறலாம். வேலை போய், வாடகை பாக்கி நின்று, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட நாள் நெருங்கும்போது இறங்குவதுதான் கலை.

பயப்படாதீர்கள். புதிதாக எதையும் கற்கச் சொல்லப் போவதில்லை. இதில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவைதான். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை. மூல மந்திரம் ஒன்றே ஒன்று: இலவசமாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள், காசு கேட்பவரை நம்புங்கள். இனி பாடத்துக்குப் போகலாம்.

1. ரிப்போர்ட்டைப் பார்க்காதீர்கள்

நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக் கேட்டால், வருஷம் முழுக்கப் பைசா செலவில்லாமல் உங்கள் கணக்கை நீங்களே கண்காணிக்கலாம். ஆகவே கேட்காதீர்கள்.

காரணம் வேண்டுமா? "பார்த்தாலே ஸ்கோர் குறைஞ்சிடும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். டீக்கடையில் கேட்ட செய்தி, பொய்யாகவா இருக்கும்? நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது, கடனுக்கு விண்ணப்பித்து வங்கிக்காரர் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும் என்ற உண்மை தெரிந்துவிட்டால் பிறகு பார்க்காமலிருக்கச் சாக்கு கிடைக்காது. தெரியாமலே இருங்கள்.

2. பார்த்தே தீருவேன் என்றால், வேறு எங்காவது பாருங்கள்

சிபில் நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போய்விடாதீர்கள். இலவச ரிப்போர்ட்டுக்கான வழி அங்கே இருக்கிறது, தவறிப்போய்க் கிடைத்துவிடும். அப்படியே போனாலும் காசு கட்டும் சந்தாத் திட்டத்தை மட்டும் கண்ணில் பட விடுங்கள்.

இதைவிட நல்ல வழி, ரீல்ஸுக்கு நடுவே வரும் விளம்பரம். "ஒரே நிமிடத்தில் உங்கள் ஸ்கோர்!" தட்டுங்கள். பான் எண், பிறந்த தேதி, மாத வருமானம் எல்லாம் கொடுங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிறதா? கடன் தரும் ஆப்கள் அதைக் கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லிவிட்டது. ஆகவே கேட்கிற ஆப் எப்படிப்பட்டது என்று யோசிக்காமல் அனுமதியைக் கொடுங்கள். நாளைக்குத் தவணை தவறினால் உங்கள் மாமியாருக்கும் பழைய மேனேஜருக்கும் தகவல் சொல்ல ஆள் வேண்டாமா?

3. எண்ணை மட்டும் பாருங்கள், உள்ளே படிக்காதீர்கள்

612 என்று வந்தால் 612 என்று வருத்தப்படுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். உள்ளே பல பக்கங்கள் இருக்கும்: உங்கள் பெயர், விலாசங்கள், போன் எண்கள், ஒவ்வொரு கடன் கணக்கு, மாதவாரியாகக் கட்டிய விவரம், யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்ற பட்டியல். தவறு இருந்தால் அங்கேதான் இருக்கும். ஆகவே அந்தப் பக்கம் போகக் கூடாது.

தெரியாத்தனமாகப் போய்விட்டீர்கள் என்றால், கட்டம் கட்டமாக 000, 000 என்று இருப்பதைப் பார்த்து அலறுங்கள். அது தவணை தாமதமான நாட்களின் எண்ணிக்கை, சுழியம் என்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். 067 என்று இருந்தால் ஏதோ ஏரியா கோடு என்று எண்ணிக் கடந்து போங்கள்.

4. இனிஷியலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்

இது தமிழருக்கென்றே அமைந்த சிறப்புப் பயிற்சி. ஆதாரில் எஸ். முருகன், பான் கார்டில் முருகன் சுப்பிரமணியன், வங்கிப் புத்தகத்தில் முருகன் எஸ், கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்கு இனிஷியல் மாறியது தனிக்கதை. கணினிக்கு அப்பா யார், பிள்ளை யார் என்று தெரியாது. பெயர்க் குழப்பத்தில் ஊரில் உள்ள இன்னொரு முருகனின் பைக் லோன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும்.

வந்திருந்தால் வரவேற்றுக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசம் நான்கையும் முதல் பக்கத்திலேயே சரிபார்த்துவிட்டால் இந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அது நமக்கு அழகா?

5. ஒரே ராத்திரியில் ஐந்து இடத்தில் விண்ணப்பியுங்கள்

பணம் முடை என்றால் மனம் பதறும். பதற்றம்தான் நம் முதலீடு. ஒரு ஆப் மறுத்தால் அடுத்த ஆப், அதுவும் மறுத்தால் அடுத்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு விசாரணை உங்கள் பெயரில் ஏறும். ஐந்தாவது ஆள் ரிப்போர்ட்டைத் திறந்ததும், இதே ராத்திரி நாலு பேரிடம் கேட்டு வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவரும் மறுப்பார். ஆறாவது இடத்தில் கேளுங்கள்.

மறுத்தவரிடம் "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இதுவரை கடனே வாங்காதவர் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை வருகிறவரை வங்கி திருப்பி அனுப்பக் கூடாது. அதை மேனேஜரிடம் எடுத்துச் சொல்லாமல், "சிபிலே இல்லியாமே எனக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வாருங்கள்.

6. சின்னத் தொகையை மதிக்காதீர்கள்

ஷாப்பிங் மாலில் யாரோ ஒரு பையன் கெஞ்சினான் என்று வாங்கிய கிரெடிட் கார்டு. ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. ஆண்டுக் கட்டணம் மட்டும் ஐந்நூறு ரூபாய் வந்தது. "யூஸே பண்ணல, எதுக்குக் கட்டணும்?" சரியான கேள்வி. அதை வங்கியிடம் கேட்காமல் வீட்டில் கேளுங்கள். கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டிவிட்டு, கணக்கு முடிந்தது என்று நம்புங்கள். கணக்கு பிளாஸ்டிக்கில் இல்லை.

ஐந்நூறின் மேல் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி, கட்டணத்துக்கும் வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டுக் கடனில் ஐம்பது லட்சம் ஏமாற்றியவருக்கும் உங்களுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வகைக் கட்டம்தான். தாமதம் என்றால் தாமதம். இந்தச் சமத்துவம் நாட்டில் வேறு எங்கே கிடைக்கும்?

மொபைல் கடையில் தவணைக்கு எடுத்த போனுக்கும் இதே முறை. பதினோரு தவணை ஒழுங்காகக் கட்டி, பன்னிரண்டாவதை மறந்துவிடுங்கள்.

7. யார் கத்துகிறாரோ அவருக்கு முதலில் கட்டுங்கள்

கையில் நாலாயிரம் இருக்கிறது, கட்ட வேண்டியது பன்னிரண்டாயிரம். யாருக்குக் கொடுப்பது? தாளும் பேனாவும் எடுத்து, எது வீட்டை நடத்தத் தேவை, எதில் வட்டி அதிகம், எது ரிப்போர்ட்டில் ஏறும் என்று பிரிக்காதீர்கள். வாசலில் வந்து நின்று யார் சத்தம் போடுகிறாரோ அவருக்குக் கொடுங்கள்.

மீட்டர் வட்டிக்காரர் கத்துவார். அவர் எந்தச் சிபிலிலும் எழுதுவதில்லை. வங்கி கத்தாது, எழுதிக்கொண்டே இருக்கும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பிய விவரத்தை 2025 ஜனவரியிலிருந்து மாதம் இருமுறைக்குக் குறையாமல் அனுப்புகிறார்கள். கத்துகிறவரைச் சமாதானப்படுத்தி, எழுதுகிறவரை மறந்துவிடுவதில்தான் நம் பயிற்சியின் உயிர் இருக்கிறது.

8. தவணை நாளில் கணக்கைக் காலியாக வையுங்கள்

ஐந்தாம் தேதி இஎம்ஐ. நான்காம் தேதி இரவு கணக்கில் 212 ரூபாய். பணம் எடுக்க வந்த தவணை திரும்பிப் போகும். திரும்பிப் போனதற்கு உங்கள் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், கடன் கொடுத்தவர் தனியாக ஒரு கட்டணம் போடுவார். கட்ட முடியாத தவணையைக் கட்டாமல் விட்டதற்கு இரண்டு இடத்தில் கட்டுகிறீர்கள். இந்த வித்தை பணக்காரருக்கு வராது.

முன்கூட்டியே கிளைக்குப் போய், "வேலை போயிடுச்சு சார், தவணைத் தேதியை மாத்திக் கொடுங்க, தவணையைக் குறைச்சுக் காலத்தை நீட்டுங்க" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கௌரவம் என்ன ஆவது? 30 நாள் தாண்டட்டும், 60 தாண்டட்டும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். 89-ஆம் நாள்கூடப் போனை எடுக்காதீர்கள்.

9. சிம்மை மாற்றுங்கள்

கலெக்‌ஷன் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடம் சொல்லிக் கேவலப்படுத்தக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கட்டளை இது. அவர் ராத்திரி பத்து மணிக்குப் பேசினால் அந்த அழைப்பைப் பதிவு செய்து, தேதி போட்டு, வங்கிக்குப் புகார் அனுப்பலாம். அதற்குப் பதில் சிம்மைத் தூக்கிப் போடுங்கள்.

இதில் நீண்டகாலப் பலன் ஒன்று உண்டு. யாராவது கடன் நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. உங்கள் பான் எண்ணைக் கொண்டு எவனோ கடன் வாங்கப் பார்த்தால் அதில்தான் தெரியும். அந்த எஸ்எம்எஸ் இனி பழைய எண்ணுக்குப் போகும். நாளைக்கு நீங்களே ரிப்போர்ட் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் ஓடிபியும் அங்கேதான் போகும்.

10. மினிமம் டியூவில் குடியிருங்கள்

கிரெடிட் கார்டு பில் 40,000. மினிமம் டியூ 2,000. இரண்டாவது எண்தான் உங்களுடையது. முதலாவது எண் வேறு யாருக்கோ. மினிமம் கட்டினால் தாமதம் என்று ரிப்போர்ட்டில் விழாது, அது உண்மைதான். மீதி 38,000-க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வையுங்கள், 1,330 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி. நீங்கள் கட்டிய இரண்டாயிரத்தில் கடன் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட வேண்டாம். கணக்குப் போட்டவர்கள் யாரும் இந்தப் பாடத்தில் தேறியதில்லை.

இரண்டாவது கார்டில் ரொக்கம் எடுத்து முதல் கார்டைக் கட்டினால் மேல்நிலைப் பட்டம். பொருள் வாங்கினால் சில வாரம் வட்டியில்லாத அவகாசம் உண்டு. ரொக்கத்துக்கு எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி.

11. உங்கள் பான் கார்டை ஊருக்குப் பொதுவாக்குங்கள்

"மாப்ள, என் பேர்ல லோன் வரமாட்டேங்குது, உன் பேர்ல ஒரு போன் எடுத்துக் குடு, மாசாமாசம் நான் கட்டிடறேன்." எடுத்துக் கொடுங்கள். அவனுக்கு ஏன் லோன் வரவில்லை என்று கேட்பது நட்புக்கு அழகில்லை.

மாமா டிராக்டர் வாங்குகிறார், ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதான்." போடுங்கள். ஜாமீன்தாரருக்கும் கடன் கடனேதான், மாமா கட்டாவிட்டால் உங்கள் ரிப்போர்ட்டிலும் விழும் என்பதைப் போட்ட பிறகு தெரிந்துகொள்ளலாம்.

மகனின் கல்விக் கடனில் அப்பாவும் கூட்டுக் கடனாளி. மகன் பொறியியல் முடித்து வேலை தேடுகிறான், கட்டவில்லை. மகன் ஸ்கோரும் போகும், அப்பா ஸ்கோரும் போகும். அந்த மகன் வங்கி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினால் ஆட்டம் சுவாரசியமாகும். கடனைச் சரியாகக் கட்டாத சிபில் வரலாற்றைக் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சரியென்று சொல்லிவிட்டது. வேலை இல்லாததால் கடன் கட்டவில்லை, கடன் கட்டாததால் வேலை இல்லை. இப்படி ஒரு வட்டத்தை நீங்களாக வரைந்திருக்க முடியுமா?

12. செட்டில்மென்ட்டை வாய்மொழியாக முடியுங்கள்

ஒரு நாள் இனிமையான குரலில் போன் வரும். "சார், எண்பதாயிரம் இருக்கு. முப்பது கட்டுங்க, க்ளோஸ் பண்ணிடலாம். இன்னிக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்." நகையை அடகு வைத்தாவது இன்றைக்கே கட்டுங்கள். எங்கே? வங்கியின் கடன் கணக்கில் அல்ல; அவர் அனுப்பும் ஜிபே எண்ணில். முன்னால் கடிதம் கேட்காதீர்கள், பின்னால் ரசீது கேட்காதீர்கள்.

பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் கவலை வேண்டாம். அந்தக் கணக்கு "க்ளோஸ்டு" என்று பதிவாகாது, "செட்டில்டு" என்றுதான் பதிவாகும். முழுதும் தராமல் பேரம் பேசி முடித்தவர் என்று அடுத்த வங்கி படித்துக்கொள்ளும். சில கணக்குகளில் "ரிட்டன் ஆஃப்" என்று இருக்கும். அதைப் பார்த்து, அரசு பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த மாதிரி நமக்கும் செய்துவிட்டார்கள் என்று இனிப்பு வழங்குங்கள். வங்கி தன் பேரேட்டைச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான். நீங்கள் தர வேண்டியது அப்படியே இருக்கும், கேட்டு ஆள் வரும்.

முழுக்கக் கட்டி முடித்த அபூர்வப் பிறவிகள், பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசியை வாங்காமல் வந்துவிடவும். வாங்கியே விட்டால் ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைக்காதீர்கள், தேடினால் கிடைத்துவிடும்.

13. "7 நாளில் சிபில் கிளியர்" அண்ணனிடம் போங்கள்

மின்கம்பத்தில் ஒட்டியிருப்பார். சில ஆயிரங்கள் கேட்பார், பாதி முன்பணம். உங்கள் ஆதார், பான், நெட்பேங்கிங் விவரம், ஓடிபி எல்லாம் கேட்பார். "சிபில்ல உள்ள ஆள் இருக்காரு" என்பார்.

அவர் செய்யப் போவது என்ன? சிபில் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் திருத்தப் படிவத்தை உங்கள் பெயரில் நிரப்புவார். உண்மையான பாக்கியை அழிக்க அவராலும் முடியாது, அவருடைய உள்ளே உள்ள ஆளாலும் முடியாது. தகவல் கொடுத்த வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் நிறுவனமே ஓர் எழுத்தை மாற்றாது. அந்தப் படிவத்தை நீங்களே நிரப்ப ஒரு மதியம் போதும். ஆனால் மூல மந்திரத்தை நினைத்துப் பாருங்கள். கட்ட வேண்டிய தவணையை அண்ணனிடம் கட்டிவிட்டு, இந்த மாதத் தாமதத்தை ரிப்போர்ட்டில் புதிதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

14. புகாரை உருக்கமாக எழுதுங்கள்

அண்ணன் போனை எடுப்பதை நிறுத்திய பிறகு நீங்களே புகார் எழுத முடிவு செய்வீர்கள். மாதிரிக் கடிதம் இதோ:

"உயர்திரு சிபில் அவர்களுக்கு, பணிவான வணக்கம். நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். என் மேல் சிலர் வேண்டுமென்றே சிபில் போட்டிருக்கிறார்கள். நான் யாரையும் ஏமாற்றியவன் இல்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தை மாதம் தங்கை கல்யாணம் வைத்திருக்கிறோம். ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து என் சிபிலை எடுத்துவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

என்ன அருமையான கடிதம்! எந்த வங்கி, எந்தக் கணக்கு எண், எந்த மாதம், என்ன தவறு, எது சரி, அதற்கு என்ன ஆதாரம் என்ற அற்ப விஷயம் ஒன்றுகூட இல்லை. சிலர் எழுதுவார்கள்: "இன்ன எண்ணுள்ள இருசக்கர வாகனக் கடன் 2023 மார்ச்சில் முடிக்கப்பட்டது. ரிப்போர்ட்டில் 4,200 ரூபாய் பாக்கி என்று தவறாக உள்ளது. என்ஓசியும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இணைத்துள்ளேன். நிலுவை சுழியம் என்று திருத்தவும்." நாலே வாக்கியம், கண்ணீரே இல்லை. இப்படி எழுதுபவர்களுக்குத் திருத்தம் கிடைத்துவிடுகிறது, பாவம்.

இன்னொரு குறிப்பு: தவறானவற்றோடு உண்மையான பாக்கிகளையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மறுத்து எழுதுங்கள். வாங்கிய கடனையே வாங்கவில்லை என்று எழுதினால், வாங்காத கடனை வாங்கவில்லை என்று எழுதியதும் எடுபடாமல் போகும்.

15. புகார் எண்ணைத் தொலையுங்கள்

புகார் கொடுத்ததும் ஓர் எண் வரும். குறித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வங்கி 21 நாளுக்குள் சரிபார்த்துப் பதில் தர வேண்டும். மொத்தம் 30 நாளுக்குள் விஷயம் முடிய வேண்டும். திருத்த முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஒரு தேதியும் ஓர் எண்ணும் போதும். அதனால்தான் தொலைக்கச் சொல்கிறேன்.

பத்தாவது நாளே பொறுமை இழந்து அதே புகாரை மறுபடி புதிதாகக் கொடுத்துக் குழப்புவது கூடுதல் மதிப்பெண் பெறும்.

16. சரியான கதவைத் தவிர மற்றதையெல்லாம் தட்டுங்கள்

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்தே அனுப்பலாம், 14448-க்கு அழைத்து வழி கேட்கலாம். சிபில் போன்ற நிறுவனங்களையும் 2022 செப்டம்பரில் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனை வசதியாக இருக்கும் ஓர் இடத்துக்கு மானமுள்ள மனிதன் போவானா?

கிளைக்குப் போய் வாசல் செக்யூரிட்டியோடு சண்டை போடுங்கள். அவருக்கும் ஒரு பைக் லோன் இருக்கும், அவருக்கும் இதே பிரச்சினை இருக்கும். இருவரும் மேனேஜரைத் திட்டிவிட்டு டீ குடிக்கலாம். டீக்காசை நீங்களே கொடுங்கள்.

17. பெருந்தன்மையாக இருங்கள்

இதுதான் இறுதிப் பாடம், முதுநிலை மாணவர்களுக்கு மட்டும். புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் வங்கி, சிபிலுடையது என்றால் சிபில். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறை. ஒரு மாதம் இழுத்தடித்தால் 3,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு அது மளிகைச் செலவு.

மூன்று நாள் தாமதத்துக்கு உங்களிடம் அபராதம் என்று பைசா சுத்தமாக வாங்கியவர்கள்தான். அவர்களுடைய நாற்பது நாள் தாமதத்தை நீங்கள் எண்ணாதீர்கள். "பரவால்ல சார், உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த நொடியில் நீங்கள் கடனாளி இல்லை. வங்கிக்கே கடன் கொடுத்தவர். வட்டி கேட்காதவர், தவணை வைக்காதவர், ஜாமீன் வாங்காதவர், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்யாதவர். இப்படி ஒரு ஆளிடம் வாங்கிவிட்டுத் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்று எழுதி வைக்கத்தான் நாட்டில் இன்னும் ஒரு சிபில் இல்லை.